விலை பேசாத தெருக்கள்

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் குரலில்தான் தொடங்க வேண்டும். சுவிஸ் நாட்டுப் பீல் நகரத்துப் பஸ்ஸில் அவள் பின்கதவால் ஏறினால், முன்னுக்கிருக்கிற சாரதி கண்ணாடியை நிமிர்ந்து பார்ப்பார். அப்படி ஒரு குரல்.

“அக்கா! தமிழ்க்கடையில முருங்கைக்காய் வந்திருக்காம்! முத்தலோ தெரியாது, இறங்கிப் பாப்பமோ?”

அவள் நிற்பது பின்கதவடியில். நான் இருப்பது நடுவில். இடையில் நிற்கிற அத்தனை சனமும் திரும்பும். இந்த ஊரில் ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர், மறுபக்கம் ஜெர்மன்காரர். எவரும் பஸ்ஸுக்குள் பக்கத்து ஆளின் காதைத் தாண்டிச் சத்தம் போகவிடமாட்டார்கள். நானும் அப்படித்தான் பழகினவள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும், இந்த நாட்டில் வந்திறங்கிய நாள் முதல் ஒருவர் என்னைப் பார்த்து முகம் சுளிக்க நான் இடம் வைத்ததில்லை. சேலை மடிப்புக் குலைந்து தெருவில் இறங்கியதில்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவேன்.

“மெல்லக் கதையடி. சனம் பாக்குது.”

“பாக்கட்டும் அக்கா. பாக்கத்தானே கதைக்கிறன்.”

அதை வாய்க்கொழுப்பு என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். கோயிலில் அவளுக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுகிற பெண்கள், அவள் படியேறும்போதே, “லவுட்ஸ்பீக்கர் வருகுது, காதைப் பொத்துங்கோடி” என்பார்கள். அவளுக்கும் கேட்கும். சிரித்துவிட்டு, இன்னும் பெரிய சத்தத்தில், “எனக்கும் ஒரு கத்தி தாங்கோ” என்பாள்.

சனிக்கிழமைகளில் பழைய நகரத்துச் சதுக்கத்தில் சந்தை கூடும். சுற்றுவட்டத்து விவசாயிகள் லீக்ஸ், கரட், அப்பிள் எல்லாம் கொண்டுவந்து அடுக்குவார்கள். விலையைச் சின்னப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். எழுதினது எழுதினதுதான், இந்த நாட்டில் அதற்குமேல் பேச்சில்லை. இவள் ஒரு கட்டு லீக்ஸைத் தூக்கிப் பிடித்து, தமிழில் தொடங்குவாள்.

“என்ன மனிசி, இந்த நார் லீக்ஸுக்கு இவ்வளவு விலையோ? வேரிலை பாதி மண். மண்ணுக்குமோ காசு கேக்கிறாய்?”

சிவந்த கன்னமுள்ள அந்த விவசாயக் கிழவி முதலில் மிரண்டாள். பிறகு பழகிவிட்டாள். பிறகு தானும் தன் பேர்ண் பக்கத்து ஜெர்மனில் உரக்க ஏதோ சொல்லத் தொடங்கினாள். இரண்டு பேரும் முறைப்பார்கள், கையை விரிப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள். கடைசியில் பலகையில் எழுதிய விலையைச் சதம் குறையாமல் கொடுத்துவிட்டு இவள் நகர்வாள். கிழவி ஒரு கொத்துப் பார்ஸ்லியைச் சும்மா பைக்குள் திணிப்பாள்.

“விலை குறையாதெண்டு தெரியும். பிறகேன் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறாய்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கத்தாமல் விட்டால் தொண்டை இறுகிப்போம் அக்கா. பிறகு அங்கை போய் என்ன செய்யிறது?”

அங்கை என்று அவள் சொன்னது யாழ்ப்பாணத்தை அல்ல. தென்னமெரிக்காவில், பொலீவியா நாட்டில், மலைகளுக்கு நடுவில் கிண்ணத்துக்குள் கொட்டிவிட்டதுபோலக் கிடக்கிற லா பாஸ் என்ற நகரத்தை.

அவள் பிறவியிலேயே இப்படிக் கத்துகிறவள் இல்லை. நான் முதலில் கண்டபோது அவளுக்குக் குரலே இல்லை என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரும் ஒரு தொழிற்சாலையில் மணிக்கூட்டுக்குப் போகிற சின்னச் சின்னச் சில்லுகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, கீறல் விழுந்ததைப் பொறுக்குகிற வேலை செய்தோம். மூச்சுப் பட்டாலே பறக்கிற சாமான். அங்கே எல்லோரும் மெல்லத்தான் கதைப்பார்கள். இவள் அவர்களையும்விட மெல்ல. மேற்பார்வையாளர் குனிந்து, காதைக் கிட்டக் கொண்டுபோய், “விபிட்டே? விபிட்டே?”, என்ன சொன்னாய் என்று கேட்பார். சிரித்தால்கூட வாயைப் பொத்திக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே மகன். கணவன் முதலில் இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டார். பிறகு இவள் வந்தாள். குழந்தையை யாழ்ப்பாணத்தில் தன் தாயிடம் விட்டுவிட்டு, ஒரு வருசத்தில் கூப்பிடலாம் என்று வந்தாள். இங்கே வதிவிட பேர்மிட் கிடைக்காமல் இழுபட்டது. கிடைத்தபோது மகனுக்கு வயது கடந்துவிட்டது, இனிக் குடும்பத்தோடு சேர்க்க ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். இடையில் கணவனும் மாரடைப்பில் போய்விட்டார். ஊரில் சண்டை முடிந்த பிறகு மகன் அங்கே இருக்கப் பயந்தான். கனடாவுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒரு ஏஜென்சிக்காரன் சொன்னான். பல நாடு சுற்றி, பல நாள் காத்திருந்து போகிற பாதை. அந்தப் பாதையில்தான் அவன் லா பாஸில் தங்கினான்.

அங்கிருந்து ஒருநாள் போன் எடுத்தான். அந்தப் பேச்சை அவள் எனக்குச் சொல்லிச் சொல்லி, நானே கேட்டதுபோல ஆகிவிட்டது. பின்னால் பெண்கள் கூவுகிற சத்தமாம், நாய் குரைக்கிற சத்தமாம். “அம்மா, இது முழுக்கச் சந்தையணை. தெருவெல்லாம் சந்தை. உங்களை இதுக்குள்ள விட்டால் வெளியிலை வரமாட்டியள். நாங்கள் நாளைக்கோ மறுநாளோ வெளிக்கிடுவம்” என்றானாம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஏஜென்சிக்காரனின் இலக்கம் வேலை செய்யவில்லை.

ஒரு வருசம் பார்த்திருந்தாள். பிறகு சுவிஸ் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு தனியே போனாள். விமானத்தில் தேத்தண்ணி கேட்கக் கூச்சப்பட்டுப் பசியோடு இருந்து போனவள். கையில் மகனின் படம். சந்தைச் சந்தையாக நடந்து ஒவ்வொருவரிடமும் படத்தை நீட்டினாள். அவர்கள் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். பேரைச் சொல்லிக் கேட்டாள், அந்தக் குரலில். யாருக்குக் கேட்கும்? திரும்புகிற நாளுக்கு முதல்நாள், உருளைக்கிழங்கு மூட்டை தள்ளிக்கொண்டு வந்த ஒருவனின் வண்டிச் சில்லு அவள் காலில் ஏறிவிட்டது. “ஐயோ அம்மா!” என்று அலறிவிட்டாள். முழுத் தெருவும் திரும்பிப் பார்த்ததாம்.

“அப்பதான் அக்கா விளங்கினது” என்றாள் வந்து. கால் பெருவிரலில் நகம் கறுத்திருந்தது. “படத்தைக் காட்டி என்ன? அவன் இப்ப அந்த முகத்தோடையோ இருப்பான்? பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒளிச்சிடுவான். ஏஜென்சிக்காரர் பேரெல்லாம் மாத்தித்தான் கொண்டு போறவங்கள். பொலிஸ் தேடுது எண்டு பயப்பிடுவான். ஆனால் அந்தச் சந்தைக்குள்ள ஒரு மனிசி தமிழிலை விலை பேசினால் எந்தத் தமிழ்ப்பிள்ளை திரும்பாமல் போகும், சொல்லுங்கோ?”

நான் எழும்பி அந்தக் கறுத்த நகத்துக்கு எண்ணெய் எடுத்து வந்தேன்.

அதற்குப் பிறகுதான் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மலை ரயிலில் மக்லிங்கனுக்கு ஏறுவாள். மேலே போய், பாதையை விட்டு விலகி, பைன் மரங்களுக்கு நடுவில் நின்று, ஒரு மரத்தைப் பார்த்து, “என்ன விலை இது? அநியாய விலை!” என்று கத்துவாள். முதலில் பூனைக்குட்டிச் சத்தம்தான் வந்தது. நான் மரக்குற்றியில் இருந்துகொண்டு, “கேக்கேல்லை” என்பேன். திரும்பவும் கத்துவாள். “கேக்கேல்லையடி.” ஒருநாள் ஊன்றுகோலோடு நடைபோகிற இரண்டு சுவிஸ்காரர் ஓடிவந்தார்கள். யாருக்கும் காயமோ, ஹெலிகொப்டர் கூப்பிட வேண்டுமோ என்று கேட்டார்கள். அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

“கேட்டிருக்கு அக்கா! எவ்வளவு தூரத்திலை நிண்டவையோ!”

ஒவ்வொரு வருசமும் கோடை விடுமுறை முழுவதையும் லா பாஸில் கொண்டுபோய்க் கொட்டினாள். ஒருமுறை நானும் போனேன். என் மகன், “அம்மா, உங்களுக்கென்ன விசரோ? அது மூச்சு விடக் காத்தில்லாத உயரம்” என்றான். போகாதே என்று பெற்ற பிள்ளை சொன்னால் எனக்குப் போகத்தான் தோன்றும். போனேன்.

சந்தை என்றால் நான் திருநெல்வேலிச் சந்தையைக் கண்டவள், சுன்னாகச் சந்தையைக் கண்டவள். இது அப்படியில்லை. சந்தைக்கென்று ஒரு வளவு இல்லை. தெரு தொடங்குகிற இடத்தில் சந்தை தொடங்கி, செங்குத்தாக ஏறி, வளைந்து, அடுத்த தெருவுக்குள் வழிந்து போகிறது. கொசுவம் கொசுவமாய்ப் பாவாடை கட்டி, இரட்டைப் பின்னல் பின்னி, ஆண்பிள்ளைத் தொப்பி வைத்த பெண்கள் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து விற்கிறார்கள். முதுகில் வண்ணத்துணியில் குழந்தை தூங்குகிறது. கறுப்பு, ஊதா, விரல் மாதிரி நீளம் என்று உருளைக்கிழங்கிலேயே எனக்குப் பெயர் தெரியாத இனங்கள். பனியில் உறையவைத்துக் காயப்போட்ட கிழங்கு கூழாங்கல்லுப்போல் வெள்ளையாய் மூட்டையில் கிடக்கிறது. தலைக்குமேல் கம்பிவண்டி போகிறது, நம்முடைய சுவிஸ் மலைகளில் போகிற மாதிரியே. தெருமுனையில் பனிமலை ஒன்று நிற்கிறது. எனக்குத் தலை சுற்றியது. ஒரு பெண் வெற்றிலைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு காய்ந்த இலையைத் தந்து, கன்னக் கொடுப்புக்குள் அடக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். அடக்கினேன். தலைச்சுற்று நின்றது.

அவள் நடந்த நடையை நான் மறக்கமாட்டேன். ஒரு மூட்டைக்கு முன்னால் நிற்பாள். மூச்சை இழுப்பாள். அந்த உயரத்தில் மூச்சு இலேசில் வராது. பிறகு,

“இது என்ன விலையணை? போன வருசம் இப்பிடிச் சொல்லேல்லையே! ஆரை ஏமாத்தப் பாக்கிறியள்?”

கிழங்குக்காரி தன் பாஷையில் திருப்பிக் கத்துவாள். பக்கத்துக் கடைக்காரிகள் சிரிப்பார்கள். அங்கே அவளை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தி இவளுக்கென்று ஒரு சின்ன முக்காலிகூட வைத்திருந்தாள். இவளோ விற்கிறவளைப் பார்க்கவே மாட்டாள். வாய் விலை பேசும். கண் கூட்டத்துக்குள் போய், எந்தத் தலை திரும்புகிறது, எந்தக் கால் நிற்கிறது என்று தேடும். ஒருவரும் திரும்பாவிட்டால் இரண்டு கிழங்கை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஏறுவாள். பின்னேரம் பை நிறைந்துவிடும். தங்கியிருந்த அறையில் நானும் அவளும் அந்தக் கிழங்குகளை அவித்து உப்போடு தின்றோம். ஒவ்வொரு கிழங்கும் ஒருவரும் திரும்பாத ஒரு தெரு. அவள் தோலை உரித்து எனக்கு நீட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் போனது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு ஒரு வருசம், அவள் போய்வந்த அடுத்தநாளே என் வீட்டுக்கு வந்தாள். குசினிக் கதிரையில் இருந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

“ஒருத்தன் திரும்பினவன் அக்கா.”

கையில் இருந்த கேத்தலை வைத்துவிட்டேன்.

மேட்டுத் தெரு ஒன்றில் போர்வை விற்கிறவளோடு விலை பேசிக்கொண்டிருந்தாளாம். நீலத் தறப்பாளுக்குக் கீழே போன் உறைகள் விற்றுக்கொண்டிருந்த ஒருவன் எழுந்து, கடையை அப்படியே விட்டுவிட்டு, சாக்குகளைத் தாண்டி ஓடிவந்தானாம். வந்து முன்னால் நின்று வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லையாம். பிறகு சொன்னானாம்:

“அம்மா, அது அவ்வளவுக்குப் பெறாது. விட்டிட்டு வாங்கோ.”

வன்னிப் பெடியன். ஏஜென்சிக்காரன் கைவிட்ட பிறகு அங்கேயே நின்று, அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி, ஒரு பெண்குழந்தையும் இருக்கிறது. பல வருசமாய்த் தமிழில் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. நாக்குத் தடக்கியதாம். இவள் அவனைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தன் மகனின் படத்தைக் காட்டினாள். அவன் பார்த்தான். பிறகு நிலத்தில் குந்திவிட்டான்.

அவனும் மகனும் லா பாஸில் ஏஜென்சிக்காரன் விட்ட ஒரே வீட்டில் இருந்தவர்கள். மகன் இருந்த கூட்டம் முதலில் புறப்பட்டது. வழியில் ஆறு ஒன்றைக் கடக்கையில் படகு கவிழ்ந்தது, அதில் தமிழ்ப் பெடியள் எல்லோரும் போய்விட்டார்கள் என்று, திரும்பி வந்த வேறு நாட்டுக்காரர் சொன்னார்களாம். அந்தப் பயத்தில்தான் இவன் பிறகு போகவேயில்லை.

நான் அழுதேன். அவள் அழவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

“நீ கண்டனியோ எண்டு கேட்டன். இல்லை அம்மா, சொன்னவங்கள் எண்டான்.”

ஊரில் இருந்தால் பெரியவர்கள் இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். இங்கே அந்தப் பொறுப்பு எனக்கு என்று நினைத்தேன். கோயில் ஐயரிடம் கேட்டு வைத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

“உடம்பு கிடைக்காட்டியும் செய்யலாமாம் பிள்ளை. தர்ப்பையிலை உருவம் செய்து, அதை எரிச்சு, அந்தியேட்டிக் கிரியையைச் செய்து விட்டால் அந்த ஆத்மா அலையாது எண்டு ஐயர் சொல்லுறார். அவன் எங்கையோ அலைஞ்சு திரிய வேணுமோ? நீ தாய்தானே?”

“ஐயர் கண்டவரோ?”

“எடி, விசர்க்கதை கதையாதை. எத்தினை வருசம்? உன்ரை காசு, உடம்பு எல்லாத்தையும் அந்த மலையிலை கொண்டுபோய்க் கரைச்சிட்டாய். இனி அங்கை போய் என்ன செய்யப்போறாய்?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, தொழிற்சாலையில் முதன்முதல் கேட்ட அந்தப் பழைய குரலில் சொன்னாள். நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

“நான் விலை பேசாத தெரு இன்னும் கிடக்கு அக்கா.”

அதற்குமேல் நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. அடுத்த கோடையிலும் போனாள். அதற்கடுத்த கோடையிலும் போனாள். அந்தப் பெடியனின் குழந்தைக்கு இங்கிருந்து சட்டை, சொக்லேட், ஒரு தமிழ் அரிச்சுவடி கொண்டுபோனாள். குழந்தை அவளை அப்பம்மா என்று கூப்பிடுகிறது என்று சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பும் இருந்தது. நான் பெயர் சொல்ல விரும்பாத வேறொன்றும் இருந்தது. ஆனால் அவன் வீட்டில் ஒருநாளைக்குமேல் தங்கமாட்டாளாம். விடிந்தால் சந்தை. நேற்று ஏறாத தெரு.

போன மாரியில் நுரையீரலில் வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். இனி உயரமான இடத்துக்குப் போகவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். மக்லிங்கனுக்குக்கூடக் கூடாதாம். அன்று மருத்துவமனையால் வரும்போது பஸ்ஸில் அவள் எனக்குப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தாள். ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு மெல்ல மெல்லக் குரல் போனது. கட்டிலில் படுத்துக்கொண்டு வாயை அசைப்பாள். நான் மேற்பார்வையாளர்போலக் காதைக் கொண்டுபோவேன். தாதி மாத்திரை கொண்டுவந்தால், “அநியாய விலை” என்று உதடு சொல்லும். அது எனக்கு மட்டும் தெரியும். கடைசியாக ஒருநாள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

“அந்தப் பெடியனிட்டை உங்கடை நம்பர் குடுத்திருக்கிறன். எடுப்பான். எடுத்தால் சத்தமாக் கதையுங்கோ அக்கா. சந்தைக்குள்ள நிண்டுதான் எடுக்கிறவன், ஒண்டும் கேளாது.”

“ஓம்” என்றேன்.

“எவ்வளவு சத்தமா?”

“உன்னளவுக்கு எனக்கு வராதடி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது வாயைப் பொத்தினாள்.

இரண்டு வாரத்தில் போய்விட்டாள். கோயில் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். லவுட்ஸ்பீக்கர் என்று பெயர் வைத்தவள்தான் அதிகம் அழுதாள். அந்தப் பெரிய மண்டபத்தில் எல்லோரும் மெல்லத்தான் கதைத்தார்கள்.

இந்தக் கோடையில் ஒருநாள் பின்னேரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வேலை விட்ட நேரம், நிறைந்த சனம். போன் அடித்தது. தெரியாத இலக்கம். காதில் வைத்தேன். முதலில் மனிதக் குரல் இல்லை. பெண்கள் கூவுகிற சத்தம், நாய் குரைக்கிற சத்தம். பிறகு,

“ஆச்சி? ஆச்சியோ கதைக்கிறது? இந்த வருசம் அம்மாவைக் காணேல்லை. நம்பரும் வேலை செய்யேல்லை.”

மெல்லத்தான் சொன்னேன், கையால் வாயை மறைத்துக்கொண்டு. அது என் பழக்கம்.

“கேக்கேல்லை ஆச்சி! சந்தைக்குள்ள நிக்கிறன். சத்தமாச் சொல்லுங்கோ!”

திரும்பவும் சொன்னேன்.

“கேக்கேல்லை!”

“செத்துப்போனா, தம்பி! அம்மா செத்துப்போனா!” என்று கத்தினேன். 

பஸ் முழுவதும் திரும்பியது. சாரதி கண்ணாடியில் பார்த்தார்.

அந்தப் பக்கம் கூவுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“வையாதேங்கோ ஆச்சி. எனக்குத் தமிழிலை கதைக்க வேறை ஆள் இல்லை. ஏதாவது கதையுங்கோ.”

எனக்கும் அவனுக்கும் இடையில் என்ன இருக்கிறது கதைக்க? முகம் தெரியாத பெடியன். ஊர் வேறு. நான் இறங்க வேண்டிய தரிப்பு வந்தது, கதவு திறந்தது, மூடியது. பக்கத்தில் நின்ற சுவிஸ்காரப் பெண் என்னைப் பார்த்தாள். பார்க்கட்டும்.

“அங்கை இப்ப உருளைக்கிழங்கு என்ன விலை?” என்று கேட்டேன்.

சொன்னான்.

“அநியாய விலை!” என்று கத்தினேன், அந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. “ஆரை ஏமாத்தப் பாக்கிறியள்?”